பழனி மலைப் பாசிகளும் அவை வளரும் இடங்களும்

பாசி என்னும் ஒரே சொல்லால் நம்மவர் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிப்பது வழக்கம். குளத்து ஜலத்தில் பச்சையாய்ப் படர்வதும் பாசி. மளிகைக் கடையில் மசாலைச் சாமானாக விற்கும் கற்பாசியும் பாசி. கொடைக்கானல் சோலைகளில் மரங்களின் அடி முதல் கிளை வரை மெத்தைபோல் மூடியிருப்பதும் பாசியே. இவற்றுள் கடைசியாகச் சொன்னதையே தாவர சாஸ்திரிகள் மாஸ் என்பர். இக்கட்டுரை அதனைப் பற்றியதே.

மலையில் நிலமுடைய விவசாயிகள் சிலர், "எங்கள் தோட்டத்து ஓடையோரம் அபூர்வமான பாசி இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று என்னை அழைப்பதுண்டு. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அது மாஸாகவே இராது. கிளைகளிலிருந்து தாடிபோல் தொங்கும் சாம்பல் கலந்த பச்சை நார் லைக்கன் என்னும் வேறு வகுப்பைச் சேர்ந்தது, கற்பாசிக்கு உறவு. அதன் நாரொன்றை ஈரமாக்கி மெல்ல இழுத்தால் மேல்தோல் அறுந்து, உள்ளே வெண்மையான நூல் தெரியும். மாஸிலோ, எவ்வளவு சிறியதாயினும், தண்டும் இலையும் தனித்தனியே காணப்படும். உண்மையான வேர் அதற்கு இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று கையிலிருந்தால் இவ்வளவும் தெளிவாகும்.

இனி, மாஸ் என்று நிச்சயமான பின், அதன் ஜாதியை அறிவது எங்ஙனம்? சில ஜாதிகளை எவரும் அறியலாம். சுவரிலும் நடைபாதையிலும் வெள்ளி பூசியதுபோல் மின்னுவது பிரையம் அர்ஜென்டியம். அது அண்டார்டிகா வரை உலகெங்கும் உண்டு. அபூர்வமென்று எண்ண வேண்டாம். குப்பை எரித்த இடத்தில் முளைத்து, வளைந்த காம்பின் நுனியில் பேரிக்காய் போன்ற சிறு கூட்டைத் தாங்கி நிற்பது ஃபுனேரியா. ஈரம் மாறும்போது அதன் காம்பு முறுக்கி அவிழ்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இறகை நசுக்கி வைத்ததுபோல் இருபுறமும் வரிசையாக இலை கொண்டவை ஃபிஸ்ஸிடன்ஸ் குடும்பத்தவை. ஓடைக்கரை மண்ணில் தேடவும். இவற்றுக்கு அப்பால் செல்லும்போது இலையின் நடு நரம்பு நுனிவரை ஓடுகிறதா, கூட்டின் வாயிலுள்ள பற்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தே சொல்ல முடியும். அது நிபுணர் வேலை.

நிபுணராலும் தாமே செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டு. அது செடி எங்கே வளர்ந்தது என்று குறிப்பது. இதை நான் அனுபவத்தில் கற்றேன். சில வருஷங்களுக்கு முன் பூம்பாறைக்கு மேலே, பூண்டு வயல்களைத் தாண்டி, வழக்கத்துக்கு மாறான ஒரு பாசியைக் கண்டு காகிதத்தில் மடித்து வந்தேன். பொட்டலத்தின்மேல் "பூம்பாறை" என்று மட்டும் எழுதினேன். பார்த்த நிபுணர் எந்த மரம், தரையிலிருந்து எத்தனை அடி, நிழலா வெயிலா என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மறுபடி போய்த் தேடியும் அம்மரத்தை என்னால் அடையாளம் காண இயலவில்லை. அப்பொட்டலத்தால் ஒருவருக்கும் பிரயோஜனமில்லாமற் போயிற்று.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டியவர் செண்பகனூரில் வசித்த பிரெஞ்சு தேசத்துச் சேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ. 1895 ஆம் வருஷம் ஏற்பட்ட செண்பகனூர்க் கல்லூரியைச் சார்ந்து அவர் இம்மலையின் பாசிகளைப் பல்லாண்டுகள் சேகரித்தார். அவற்றைப் பிரான்ஸில் கார்டோ, போத்தியே த லா வார்து என்பவர்களும், இங்கிலாந்தில் டிக்ஸன் என்பவரும் ஆராய்ந்து, பல புது ஜாதிகளுக்குப் பெயரிட்டனர். ஒரு பாசிப் பேரினத்துக்கு ஃபோரோவெல்லா என்றே அவர் பெயரை வைத்தனர். அவர் எழுதிய பழனி மலைப் பாசிகளின் விவரம் 1961 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று.

அவ்வாறு பெயர் பெற்றவை யாவும் அபூர்வமானவை என்று கொள்ளலாகாது. புதிதென்று எண்ணிய பாசி வேறு தேசத்தில் முன்பே பெயர் பெற்றதென்று பிற்காலத்தில் தெரிந்து, இரண்டையும் ஒன்றாக்குவது இச்சாஸ்திரத்தில் சாதாரணம். உண்மையில் அபூர்வமானது எது என்று தீர்மானிக்க, அது இன்னும் எந்தெந்தச் சோலையில், எந்த மரத்தில் இருக்கிறது என்ற கணக்கு வேண்டும். சோலை மரத்தை வெட்டி யூகலிப்டஸும் சவுக்கைப் போன்ற வாட்டிலும் வைத்த இடத்தில், பழைய மரப்பட்டையை நம்பியிருந்த பாசி திரும்ப வருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மலைக்குக் கீழே மஞ்சளாற்றுப் பாசனத்திலும் வரதமாநதிப் பாசனத்திலும் உள்ளவர்கள், இது நமக்கென்ன என்று கேட்கக்கூடும். பாசி தன் உலர்ந்த எடையைப்போல் பல மடங்கு ஜலத்தை ஏற்று, மெல்ல மெல்ல விடுவது. பாசியால்தான் ஆறு ஓடுகிறதென்று நான் சொல்லவரவில்லை. சோலையும் அதன் மண்ணும் செய்யும் வேலையில் அதற்கும் பங்குண்டு. மேலும், வேரின்றி மழையையும் காற்றையும் கொண்டே வாழ்வதால், காற்றில் கலந்த கெடுதல் அதன் உடலில் தங்கும். 2001 இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர்த் தொழிற்சாலையின் பாதரசத்தைப் பற்றி 2003 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் பாசியையும் லைக்கனையுமே சோதித்தார்கள்.

செடி நாற்றுகளைக் கட்டவும், அலங்காரத்துக்கும் சோலைப் பாசியை மூட்டை மூட்டையாக உரிப்பதை அறவே விடவேண்டும். தேங்காய் நார் அவ்வேலைக்குப் போதும். 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக உள்ள காடுகளிலும், மற்ற ஒதுக்குக் காடுகளிலும் வனத்துறையின் அநுமதியின்றி ஒரு பிடியும் எடுக்கலாகாது. சொந்த நிலத்தில் கண்டால், கூடு உள்ள பகுதியாகப் பார்த்து இரண்டு விரலளவு மட்டும் எடுத்து, நிழலில் உலர்த்திக் காகிதப் பொட்டலத்தில் வைக்கவும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாய் உலர்ந்த பாசி கெடுவதில்லை. பல வருஷம் கழித்தும் நனைத்தால் இலை விரிந்து ஆராய்ச்சிக்கு உதவும். பொட்டலத்தின்மேல் கிராமம், சர்வே எண், மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம், எத்திசை நோக்கியது, தேதி இவற்றை அங்கேயே நின்று பென்சிலால் எழுதவேண்டும். சர்வே எண்ணைச் சரியாகச் சொல்லக் கிராம அதிகாரிகளே தக்கவர்கள். கேட்பவர்களுக்கு உதவும்படி வேண்டுகிறேன். பொட்டலங்களை என்னிடம் கொடுத்தால், கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல நிலையத்துக்கு அனுப்பி வைப்பேன்.