ஏலமலைக்கு ஏற்ற பாதரட்சை

பிரயாணத்துக்குப் பெட்டி கட்டுவதில் நம்மவர் மகா சமர்த்தர்கள். கம்பளி, குல்லாய், தலைவலித் தைலம், புளியோதரை, பிளாஸ்க் நிறையக் காப்பி எல்லாம் தவறாமல் இடம் பெறும். அத்தனை பாரத்தையும் சுமந்து நடக்கப் போகிற கால்களைப் பற்றி மட்டும் ஒருவரும் நினைப்பதில்லை. மார்கழி மாதத்தில் போடிநாயக்கனூர் வழியாக ஏலமலை ஏறிய நாமும் நினைக்கவில்லை. அதற்குரிய தண்டனையை அடைந்தோம்.

போடி வரையில் கவலை ஏதுமில்லை. 1928-ல் அவ்வூருக்கு வந்த ரயில், பாதையை அகலமாக்கும் வேலைக்காக 2010-ல் நின்று, 2023-ல் மறுபடி வந்து சேர்ந்தது. ஊரில் இறங்கினால் வெயிலும் ஏலக்காய் மணமும் வரவேற்கின்றன. அங்கிருந்து போடிமெட்டுக்குச் சுமார் 26 கிலோ மீட்டர். 17 கொண்டை ஊசி வளைவுகள். 1,000 அடி ஏறினால் சுமார் 2 டிகிரி உஷ்ணம் குறையும் என்பது கணக்கு. மெட்டோ 4,000 அடிக்கு மேல் இருக்கிறது. அடிவாரத்தில் விசிறிக்கொண்டிருந்தவருக்கு உச்சியில் பற்கள் தந்தியடிக்கின்றன. மூடுபனியும், வடகிழக்குப் பருவத்தின் மிச்ச மழையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை.

நாம் அணிந்திருந்தது பட்டணத்துக் கடையொன்றில் வாங்கிய பளபளப்பான பூட்ஸ். தண்ணீர் புகவே புகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறைதான். நண்பர் ஒருவரின் ஏலத் தோட்டத்தில் முதல் ஓடையைத் தாண்டும்போதே தண்ணீர் புகுந்துவிட்டது. வெளியே வரத்தான் மறுத்தது! மாலைக்குள் ஒரு பூட்ஸின் அடித்தோல் வாயைத் திறந்து நம்மைப் பார்த்துச் சிரித்தது.

இந்த அநுபவத்தில் கற்றவற்றைச் சொல்கிறோம். பாதரட்சையை மாலை வேளையில் வாங்க வேண்டும். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். பிரயாணத்தில் அணியப் போகிற மேஜோட்டுடனேயே அளவு பார்க்க வேண்டும். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கமான பூட்ஸ் ரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலைக் குளிர வைக்கும். உள்ளே தங்கும் காற்றுத்தான் உண்மையில் சூட்டைக் காக்கிறது.

ரப்பர் பூட்ஸ் வெளி ஜலத்தை உள்ளே விடாது. உள் வியர்வையை வெளியேயும் விடாது. சேற்றில் நின்று செய்யும் வேலைக்கு அது உத்தமம். நெடுநேரம் நடப்பதற்குக் கணுக்காலை மூடும் தோல் பூட்ஸே நல்லது. அதன் நாக்கு இருபுறமும் மேல்தோலுடன் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகும் வாசல் அதுதான். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் இருந்தால் வழுக்காது. தையல்களில் தேன்மெழுகு தடவுவது பழைய உபாயமானாலும் பலிக்கும்.

மேஜோடு கம்பளியாக இருக்கட்டும். பருத்தி நனைந்தால் சூடு போய்விடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். மாற்று ஜோடி ஒன்று அவசியம். மழை நாளில் அட்டைகள் உண்டு. பின்னல் மேஜோட்டின் கண் வழியே அவை நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை உறை தைத்துப் போட்டுக்கொள்வதே தகுந்த பாதுகாப்பு.

நனைந்த பூட்ஸை அடுப்பருகே வைக்கலாகாது. தோல் வெடிக்கும், பசை விடும். பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து நிழலில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். படித்து முடித்த பிறகு இந்தத் தாளையும் அதற்கு உபயோகிப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை.

இந்தக் கடைசி யோசனையை நமக்குச் சொன்னவள், தோட்டத்தில் காய் பறிக்கும் ஒரு வயதான ஸ்திரீ. "ஐயா, முதல்ல கழட்டிக் காயப் போடுங்க, ஈரத்தோட இருந்தா காய்ச்சல் வந்துடும்" என்றாள். அப்போதுதான் அவளுடைய காலைப் பார்த்தோம். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு! பக்கத்தில் இருந்தவளுக்கு அதுவும் இல்லை.

ஏலக்காய் கிளையில் தொங்குவதில்லை. செடியின் அடியில், மண்ணை ஒட்டிய சரங்களில் காய்க்கிறது. ஆகவே பறிப்பவர்கள் மர நிழலில், ஈர மண்ணில், பகலெல்லாம் குந்தியிருக்க வேண்டும். விடியுமுன் அடிவாரத்து ஊர்களிலிருந்து ஜீப்பில் ஏறி வரும் பெண்கள் எத்தனையோ பேர். அட்டையும் பாம்பும் கண்ணுக்குத் தெரியும் அபாயங்கள். ஈர மண்ணில் வெறுங்கால் வழியே உடலுக்குள் புகுந்து ரத்தத்தைக் குடிக்கும் கொக்கிப் புழுவோ கண்ணுக்குத் தெரியாத அபாயம்.

1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழைக்கும் குளிருக்கும் பாதுகாப்பாகக் குடை, கம்பளி, மழைச் சட்டை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறித்தது. பாதரட்சையின் பெயர் அதில் இல்லை. 'அவை போன்ற' வசதிகளுக்குள் அது ஒடுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பெட்டி கட்டும் நம்மைப் போலவே, சட்டம் எழுதியவர்களும் காலை மறந்துவிட்டார்கள் போலும்!

தோலுக்கும் தொழில் திறமைக்கும் நம் நாட்டில் பஞ்சமா? ஆவாரம் பட்டையில் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல் கடல் கடந்து பெயர் பெற்றது. சென்னை அடையாறில் 1948 முதல் தோல் ஆராய்ச்சி நிலையம் நடந்து வருகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்த பூட்ஸுகள் அந்நிய நாட்டுப் பனியில் நடக்கின்றன. அவற்றில் ஒரு ஜோடி போடிமெட்டு ஏறுவதற்கு வழி என்ன?

ஒரே ஒரு நாள் கால் நனைந்த நாம் இவ்வளவு எழுதிவிட்டோம். அந்த அம்மாள் மறுநாள் விடியுமுன் அதே செருப்புடன் ஜீப் ஏறியிருப்பாள்.