இரைப்பைப் புற்றுநோயும் மூலக்கூற்றாராய்ச்சியும்

இரைப்பைப் புற்றுநோயைக் கத்தியால் அகற்றலாம் என்பதை முதலில் நிறுவியவர் வீயன்னா நகரத்துச் சத்திரவைத்தியர் தியோடர் பில்ரொத் ஆவர். 1881 ஆம் ஆண்டு சனவரி 29 ஆம் நாள், 43 வயதுடைய பெண்ணொருத்தியின் இரைப்பையின் கீழ்ப்பாகத்தை வெட்டியகற்றி, எஞ்சியதை முன்சிறுகுடலுடன் இணைத்தார். அவள் மீண்டும் உணவுண்டு தேறினாள்; ஆயினும் ஏறக்குறைய நான்கு மாதங்களில் நோய் திரும்பிப் பரவ, இறந்தாள். கண்ணுக்குப் புலனாவதையே கத்தி களையும். புலனாகாததை எவ்வாறு அறிவது?

இவ்வினாவுக்கு ஒரு விடை நியூசீலந்திற் கிடைத்தது. அங்குள்ள மாவோரிக் குடும்பமொன்றில் தலைமுறைதோறும் பலர் இளவயதிலேயே இந்நோயால் மாண்டனர். அக்குடும்பத்தினரே ஆராய்ச்சியாளரை நாடினர். கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கட்ஹீரின் என்னும் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகிலேயே குறையுளது என்பதை, ஒட்டாகோப் பல்கலைக்கழகத்துப் பாரி கில்போர்டும் பிறரும் 1998 இல் வெளியிட்டனர். பிணைப்புத் தளரவே, கலங்கள் தனித்தனியே பிரிந்து இரைப்பைச் சுவரினுட் பரவுகின்றன. கட்டியாகத் திரளாமையால் உள்நோக்குக் கருவிக்கும் எளிதிற் புலனாவதில்லை.

ஆதலின், இக்குறையுடையோர் பலர் நோய் வெளிப்படுமுன்னரே இரைப்பை முழுவதையும் அகற்றுவித்துக்கொள்ளலாயினர். நலமெனத் தோன்றிய அவ்விரைப்பைகள் பலவற்றில் நுண்ணிய புற்றுக்கள் காணப்பட்டன. களம் நேரே சிறுகுடலுடன் இணைக்கப்படுதலால், ஆயுள்முழுவதும் சிறிது சிறிதாகப் பன்முறை உண்ணலும், உயிர்ச்சத்து பி-12 ஐ மருந்தாகப் பெறுதலும் வேண்டும். இஃது எளிய துறவன்று.

தாய் தந்தையருள் ஒருவர்க்குக் குறையிருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. இரத்தப் பரிசோதனையில் அஃதில்லையெனக் கண்டோர் அவ்வச்சத்தினின்றும் நீங்குவர். கத்தியை எவர்க்கு, எப்பொழுது எடுத்தல் வேண்டும் என்பதையும், எவர்க்கு வேண்டாம் என்பதையும் இன்று மூலக்கூற்றறிவே உணர்த்துகின்றது.