லேமினேட் தரை: நிறத்தைப் பார்க்கும் முன் ஈரத்தைப் பாருங்கள்

மேலூர் கிரானைட், ஆத்தங்குடி டைல்ஸ், மொசைக், ரெட் ஆக்சைடு என்று மதுரைப் பக்கத்து வீடுகளின் தரைகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவி விடலாம். மரம் போலவே தோன்றும் லேமினேட் தரைக்கு அந்தக் குணம் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் போட்டால் பலகை உப்பி, ஓரங்கள் தூக்கி, உழைத்துச் சேர்த்த பணம் விரயமாகும்.

லேமினேட் என்பது என்ன?

இது முழு மரம் அல்ல. மர நாரைப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்த ஹெச்.டி.எஃப் பலகைதான் இதன் உடல். அதன் மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாளும், அதற்கும் மேல் கீறலைத் தாங்கும் மெலமைன் படலமும் இருக்கும். 1977-ல் சுவீடன் நாட்டின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் இதை உருவாக்கியது. குளிர் நாட்டில் கல் தரை காலைச் சில்லிட வைக்கும். அங்கே தரையைத் துடைப்பதுதான் வழக்கம். அத்தகைய வீடுகளுக்காகப் பிறந்த பொருள் இது.

மேல் படலம் சிந்திய தண்ணீரைச் சிறிது நேரம் தாங்கும். ஆனால் இரு பலகைகள் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் உள்ளிருக்கும் நார்ப்பலகை உப்பும். ஒருமுறை உப்பியது காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

எந்த அறைக்குப் பொருந்தும்?

மாடியில் உள்ள படுக்கையறை, பிள்ளைகள் படிக்கும் அறை ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். சமையலறை, குளியலறை வாசல், மழைச்சாரல் அடிக்கும் முன்கூடம் ஆகியவற்றுக்கு வேண்டாம். தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்துக்கும் வேண்டாம். 2024 அக்டோபர் இறுதியில் பெய்த கனமழையில் செல்லூர் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரை மக்கள் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் கல் தரையைக் கழுவிவிட்டுக் குடியிருக்கலாம். லேமினேட் தரையைப் பெயர்த்து எறிய வேண்டியதுதான்.

வெள்ளம் வராத தெருவிலும் பழைய வீடுகளில் மண்ணின் ஈரம் தரை வழியாக மேலேறும். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஒரு மீட்டர் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ அங்கே லேமினேட் போடாதீர்கள். மழைக்காலத்தில் செய்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கரையான் உள்ள வீடு என்றால், அதற்கான மருந்து அடித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். நார்ப்பலகையும் கரையானுக்கு உணவுதான்.

வாங்கும்போது

பெட்டியில் ஏ.சி.3 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். இது தேய்மானத்தைத் தாங்கும் தரம், வீட்டுக்கு ஏ.சி.3 போதும். இ1 என்ற குறியீடு, பசையிலிருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைடு வாயு குறைவு என்பதைக் காட்டும். 10-க்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. வெட்டுக் கழிவுக்காகப் பத்து சதவீதம் சேர்த்து 132 சதுர அடி வாங்குங்கள்.

போடும் முறை

1. பெட்டிகளைப் பிரிக்காமல், அந்த அறையிலேயே 48 மணி நேரம் படுக்கை வசத்தில் வையுங்கள். பலகை அறையின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழக வேண்டும்.

2. பழைய டைல்ஸ் உறுதியாக இருந்தால் உடைக்கத் தேவையில்லை. மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். 2 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் மேடு பள்ளம் இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டும். தரை உயர்வதால் கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும்.

3. சிமெண்ட் தரைமேல் முதலில் பாலிதீன் தாள், அதன்மேல் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் ஷீட் விரிக்க வேண்டும். பாலிதீன் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று 20 செ.மீ. ஏறியிருக்கட்டும்.

4. சுவரைச் சுற்றிலும், கதவு நிலை அருகிலும் சுமார் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். மே மாத வெயிலில் சுருங்கும் பலகை ஐப்பசி, கார்த்திகை மழையில் விரியும். இடம் இல்லாவிட்டால் நடுவில் கூடாரம் போல எழும்பிவிடும். இந்த இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைக்கக் கூடாது. மேலே ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும். அதைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் அல்ல.

5. பலகைகள் ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும். ஆணியோ பசையோ வைத்துத் தரையோடு பிணைக்கக் கூடாது. அடுத்தடுத்த வரிசைகளின் முனைகள் குறைந்தது 30 செ.மீ. தள்ளி அமைய வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

நன்றாகப் பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள். உளூச் செய்துவிட்டு ஈரக் காலோடு வருவது நம் வீடுகளில் தினமும் ஐந்து வேளை நடப்பது. எனவே குளியலறை வாசலில் தடித்த மிதியடி அவசியம். தொழுகை விரிப்பு இத்தரையில் வழுக்கும்; பெரியவர்கள் விழாமலிருக்க விரிப்பின் அடியில் வழுக்காத ரப்பர் வலை போடுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டார் ஒன்றை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். குழந்தை சிறுநீர் கழித்த இடத்தில் தண்ணீர் ஊற்றி அலசிச் சுத்தம் செய்வது நம் வழக்கம். லேமினேட் தரையில் அப்படி ஊற்ற முடியாது. உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சுத்தமான ஈரத்துணியால் பலமுறை துடைக்கலாம். தொழுமிடத்தின் தூய்மைக்கு அது போதுமா என்பதை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகு முடிவெடுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால், பிள்ளைகள் வளரும்வரை தள்ளிப் போடுவதில் நட்டம் இல்லை.

மரத் தோற்றமும் வேண்டும், தண்ணீரும் தாங்க வேண்டும் என்போருக்கு எஸ்.பி.சி பலகை உண்டு. சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் கலந்து செய்யப்படுவதால் அது உப்பாது. மர நிற டைல்ஸும் இன்னொரு வழி.

கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டில் அந்த அறைத் தரையில் ஒரு வாரத்தில் எத்தனை முறை தண்ணீர் விழுகிறது என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். கடைக்காரரைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.