உங்களுக்குத் தெரியுமா? டச்பேட் பொதுவாக விரலின் இடத்தை அழுத்தத்தை வைத்துக் கணிப்பதில்லை

லேப்டாப் டச்பேடின் அடியில் மெல்லிய மின்முனைகளின் வலை இருக்கிறது. விரல் பட்டதும் அங்கே மின்தேக்குதிறன் மாறும்; அதை வைத்தே இடத்தைக் கணிக்கிறது. வியர்த்த விரல் பட்டால் கர்சர் தாவுவது அதனால்தான்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் தாவுகிறதா? கழற்றிப் பாருங்கள். அடங்கிவிட்டால், மட்டமான அடாப்டரோ எர்த் சரியில்லாத பிளக் பாயின்டோ காரணமாக இருக்கலாம். அங்கிருந்து வரும் மின் இரைச்சல் விரலின் சிறு சமிக்ஞையைக் குழப்பிவிடும். டிரைவரில் கைவைக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

டச்பேட் மேடாக எழும்பியிருந்தால் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பல மாடல்களில் அதன் அடியிலேயே பேட்டரி இருக்கிறது, அது உப்பியிருக்கலாம். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. அழுத்தாமல், சார்ஜ் போடாமல், உடனே அணைத்துவிட்டு சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.