சின்ன எஞ்சின், பெரிய பந்தயம்
ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பல கோடி ரூபாய் ஃபெராரிதான் நினைவுக்கு வரும். ஆனால் கோவை எஸ். கரிவரதன், 1980களின் இறுதியில் மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். ஒற்றை இருக்கை, கூரை கிடையாது, எடை மிகக் குறைவு. தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டுவதால் ஒவ்வொரு வளைவும் உடம்பில் தெரியும். எல்லாருக்கும் ஒரே வகைக் கார் என்பதால் ஓட்டுபவரின் திறமையே வெற்றியைத் தீர்மானித்தது. இதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியரானார். கொடுத்த காசுக்கு ஃபார்முலா மாருதியைவிட நல்ல பந்தயக் கார் நம் நாட்டில் வந்ததில்லை என்றே சொல்வேன். வேகத்தில் ஆசையுள்ள தம்பிகளே, கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போங்கள். நம் கல்லல்–காரைக்குடிச் சாலையில் அந்த வேகம் வேண்டாம்.