பரணில் எத்தனை எபிசோடு?

சித்தி 467. மெட்டி ஒலி 811. கோலங்கள் 1,533. கூட்டினால் 2,811 எபிசோடு. காஞ்சிபுரத்தில் யார் வீட்டில் சீரியல் பேச்சு எடுத்தாலும் இந்த மூன்று பெயரும் வராமல் பேச்சு முடியாது. மெட்டி ஒலியில் டெல்லி குமார் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக நடந்து வந்த நடையை இன்றைக்கும் நடித்துக் காட்டும் பாட்டிகள் இருக்கிறார்கள். அந்த நினைவுக்கு ஒரு கணக்கு எழுதிப் பார்க்கலாம்.

அரை மணி நேரச் சீரியலில் விளம்பரம் போக 22 நிமிடம் கதை என்று வைத்துக்கொள்வோம். 2,811 எபிசோடுக்கு 61,842 நிமிடம், அதாவது 1,030 மணி 42 நிமிடம். ஊண் உறக்கம் இல்லாமல் உட்கார்ந்தால் 43 நாளில் பார்த்து முடிக்கலாம். 2019இல் அத்தி வரதர் நமக்குத் தரிசனம் தந்த 48 நாளுக்குள் மூன்று சீரியலும் முடிந்து, ஐந்து நாள் மீதி இருக்கும்.

இதையெல்லாம் எத்தனை பேர் தங்கள் வீட்டிலேயே பார்த்தார்கள்? 1999 டிசம்பரில் தொடங்கிய சித்தி 2001 நவம்பரில் முடிந்தது. நடுவில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. தமிழ்நாட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் நூற்றுக்கு 39.5. மற்ற வீட்டுக்காரர்கள் சித்தியாக நடித்த ராதிகாவைப் பார்க்க வேண்டுமானால் அடுத்த வீட்டுத் திண்ணைக்கோ கூடத்துக்கோதான் போக வேண்டும். 2011 கணக்கெடுப்பில் அந்த 39.5 என்பது 87 ஆகிவிட்டது. இடையில் 2006இல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணப் பெட்டிகள் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல். சித்தியைத் தெருவே சேர்ந்து பார்த்தது, கோலங்களை அவரவர் வீட்டில் பார்த்தார்கள் என்று எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்துப் பெரியவர்கள் சொல்வது வெறும் ஏக்கம் இல்லை. கணக்கெடுப்பும் அதைத்தான் சொல்கிறது.

பார்த்தார்கள் என்று எழுதினாலும் தறி வீட்டில் பாதி கேட்பதுதான். குழித்தறியில் உட்கார்ந்தவர் கண்ணைத் தறியில் ஓடும் நாடாவிலிருந்தும் கோர்வையிலிருந்தும் எடுக்க முடியாது. பக்கத்தில் தார் சுற்றுகிறவர் கையும் ராட்டையில் இருக்கும். காதுதான் கதையில். கோலங்களில் அபிக்கும் ஆதிக்கும் நடந்த சண்டை முழுவதையும் முகம் பார்க்காமல் குரலிலேயே பின்தொடர்ந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். மாதம் இரண்டு புடவை இறக்கும் தறி என்று வைத்துக்கொண்டால், கோலங்கள் ஓடிய ஆறு வருடத்தில் அந்தத் தறியிலிருந்து 144 புடவை இறங்கியிருக்கும். அத்தனையும் எங்கெங்கோ பீரோக்களில் இருக்கின்றன. நல்ல பட்டு, சீக்கிரம் வீணாகாது.

எபிசோடுகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கோலங்கள் 2003 நவம்பர் 24 திங்களன்று தொடங்கி 2009 டிசம்பர் 4 வெள்ளியன்று முடிந்தது. இடையில் திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாள்களை எண்ணினால் 1,575. எபிசோடு 1,533. அந்த 42 நாள் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கும். பார்க்கிறவர் கணக்கில் துண்டு விழுந்ததோ இன்னும் அதிகம். 2008இலிருந்து மின்வெட்டு. கரண்ட் போன எபிசோடு போனதுதான். மறுநாள் காலை குழாயடியில் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு இட்டு நிரப்பிக்கொள்வார்கள். சொன்னவர் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார்.

ஆனால் இந்த மூன்றுக்கும் ஒரு நல்லது நடந்தது. இவை ஓடிய சன் டிவியின் அப்போதைய முறையில் தயாரிப்பாளர் நேரத்தை வாங்கி, விளம்பரத்தை விற்று, படத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். தன் சொத்து என்றால் யாரும் அழிக்க மாட்டார்கள். ராடான் நிறுவனம் சித்தியை யூடியூபில் ஏற்றியது. அதேபோல் கவிதாலயா நிறுவனம் தன் மர்மதேசம் தொடரை ஏற்றியது. 2020 ஊரடங்கில் மெட்டி ஒலி மறுபடியும் ஒளிபரப்பானபோது, முதல் முறை பிறந்தேயிராத பிள்ளைகள் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

போனது அதற்கு முந்திய காலம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14இல். நடுவில் கிட்டத்தட்ட பதினெட்டு வருடம் தமிழ் நாடகம் என்றால் தூர்தர்ஷன்தான். அங்கே பல காலம், ஒளிபரப்பான காந்த நாடாவின் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். நாடா விலை அதிகம், கையிருப்பு குறைவு, மறு ஒளிபரப்புக்கு நேரமும் இல்லை. அன்றைய பொறுப்பாளர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது. வாரம் ஓர் அரை மணி நாடகம் என்று வைத்தால் வருடத்துக்கு 26 மணி. அன்றைய யூமேட்டிக் கேசட் ஒன்றில் ஒரு மணி நேரம் பதியும். ஆக வருடத்துக்கு 26 கேசட், முழுதாகப் பதினேழு வருடம் என்று குறைத்துப் போட்டாலும் 442. ஒரு கேசட் ஏறத்தாழ 22 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம், 3 செ.மீ. தடிமன். 442 கேசட்டும் ஒரே ஒரு இரும்பு பீரோவில் அடங்கும்.

நாம் மட்டும் இல்லை, பணக்கார நிலையங்களும் இதையே செய்தன. பிபிசி தனக்கென்று முறையான ஒளிப்பதிவுக் காப்பகம் வைத்ததே 1978இல்தான். அதற்குள் 'டாக்டர் ஹூ' தொடரில் நூற்றுக்கு மேற்பட்ட எபிசோடுகள் அழிந்திருந்தன. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் 9 எபிசோடு கிடைத்து, காணாமல் போனவற்றின் எண்ணிக்கை 106இலிருந்து 97 ஆனது. அந்த 97க்கும் ஒலியாவது மிஞ்சியது. வீட்டில் இருந்த ரசிகர்கள் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தது. அமெரிக்காவின் 'டார்க் ஷாடோஸ்' 1,225 எபிசோடு ஓடிய சீரியல். அதில் தொலைந்தது ஒன்றே ஒன்று, 1,219ஆவது. அதற்கும் ரசிகர் வீட்டு ஒலிப்பதிவுதான் கைகொடுத்தது. காதால் சீரியல் கேட்ட ஊர்க்காரனான எனக்கு இந்தச் செய்தி நெஞ்சுக்கு நெருக்கமானது.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, காஞ்சிபுரத்தில் ஒருவர் நாற்பது பக்கத் தலபுராணம் போட்டாலும் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். ஆறு வருடம் லட்சக்கணக்கான வீடுகள் பார்த்த 1,533 எபிசோடுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கல்லில் பதிந்த கதைக்கும் காவல் வேண்டியிருந்தது: எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரச் சுவரில் பல்லவ வம்சக் கதை வரிசை வரிசையாகச் சிற்பமாக இருக்கிறது, சில காட்சிகளின் கீழே இன்னது நடக்கிறது என்ற எழுத்தும் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுத் தொடர்கதை அது. கல் தேயத் தேய, ஆய்வாளர் மீனாட்சி அம்மையார் அதைக் காட்சி காட்சியாகப் படித்து எழுதிய நூல் 1941இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. கல்லுக்கே அப்படி ஒருவர் தேவைப்பட்டார் என்றால் காந்த நாடாவுக்குச் சொல்ல வேண்டுமா?

எஞ்சியிருப்பது நம் வீட்டுப் பரண். மூன்று சீரியலையும் யாராவது முழுதாகப் பதிந்திருந்தால், மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட் 344 ஆகியிருக்கும். கேசட் நூறு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 34,400 ரூபாய். யாரும் செய்திருக்க முடியாது. செய்ததெல்லாம் இருந்த கேசட்டிலேயே திரும்பத் திரும்பப் பதிந்ததுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கேசட்டின் முதுகில், இடது ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். கல்யாண வீடியோக்காரர் அதை உடைத்துக் கொடுப்பார், மேலே எதுவும் பதியாது. அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தால், யாரோ அதன் மேல் வேறு எதையோ பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படி ஒட்டிய கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சுற்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதைத் துடைக்காமல் இயந்திரத்தில் போட்டால் நாடாவும் போகும், இயந்திரமும் போகும். இயந்திரம் புதிதாகக் கிடைக்காது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியதோடு அந்த வகை முடிந்தது.

இன்றைய செலவு என்ன? நல்ல தரத்தில் மாற்றினால் மணிக்கு 13 ஜிபி. 1,031 மணிக்கு 13,403 ஜிபி, அதாவது பதின்மூன்றரை டெராபைட்டுக்குள். 16 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். அதன் விலை ஒரு நடுத்தர முகூர்த்தப் புடவை விலைக்குள் வரும். ஒன்று கெட்டால் இன்னொன்று வேண்டும் என்பதால் இரண்டு புடவை என்று வையுங்கள்.

ஆள் செலவுதான் பெரிது. நாடாவை வேகமாக ஓட்டி மாற்ற முடியாது, மூன்று மணி கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். 344 கேசட்டுக்கு, நாளைக்கு எட்டு மணி நேரம் ஒரு வி.சி.ஆர். ஓடினால் 129 நாள். மூன்று வி.சி.ஆர். கிடைத்தால் 43 நாள்.