ஒரு மாவுக் கட்டியும் ஒரு சட்டமும்

2018 பிப்ரவரி 26 இரவு, இலங்கையின் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. வாடிக்கையாளர் ஒருவரின் கறியில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. மலட்டு மாத்திரை கலந்துவிட்டாய், சிங்களவர் பெருகக்கூடாது என்றுதானே எனத் தகராறு மூண்டது, கூட்டம் சேர்ந்தது. கல்லாவில் இருந்தவர் தமிழ் பேசுபவர், சிங்களம் அரைகுறை. கேள்வி முழுதாகப் பிடிபடாமல், எங்கே அடி விழுமோ என்ற பயத்தில், ஆமாம் என்பதுபோல் எதையோ சொல்லிவைத்தார். அதை ஒருவர் செல்போனில் பிடித்துக்கொண்டார். கடை நொறுங்கியது, பக்கத்துப் பள்ளிவாசலும் தப்பவில்லை. முகநூலில் அந்த வீடியோ ஒப்புதல் வாக்குமூலமாகவே வலம்வந்தது.

ஒரு வாய் சோற்றோடு விழுங்கினால் ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்குமே கிடையாது. கறியில் கிடந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரச ஆய்வுகூடமும் சொன்னது. ஆனால் அதற்குள் கண்டிப் பக்கம் திகன என்ற ஊர் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எரிந்துவிட்டது. திகன கலவரத்துக்கு உடனடிக் காரணம் ஒரு லாரி ஓட்டுநரின் மரணம்தான். இருந்தாலும், அம்பாறை வீடியோ ஊர் ஊராகச் சுற்றி வந்த பிறகு வந்த மரணம் அது.

மார்ச் 6 அவசரகால நிலை. மறுநாள் முகநூல், வாட்ஸ்அப் எல்லாம் முடக்கம். ஏறக்குறைய ஒரு வாரம். தடையால்தான் கலவரம் அடங்கியது என்பவர்கள் உண்டு, அடங்கியிருக்கவும் கூடும். என் கவலை அங்கே இல்லை. அன்று அரசாங்கத்தின் கைக்கு ஒரு சுவிட்ச் கிடைத்தது. கிடைத்த சுவிட்சை யார் சும்மா வைத்திருப்பார்கள்? 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடி அணைத்தார்கள். அப்போதும் காரணம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வேஷம் கலைந்தது. 2022 ஏப்ரல். ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு, எரிவாயு சிலிண்டருக்கு விடிய விடிய வரிசை. ஏப்ரல் 3 அன்று நாடு முழுக்கப் போராட்டம் என்று இளைஞர்கள் அறிவித்திருந்தார்கள். முந்தின நாள் மாலையே 36 மணி நேர ஊரடங்கு; நள்ளிரவு தாண்டியதும் சமூக ஊடகங்கள் முடக்கம். இனக்கலவரமும் இல்லை, குண்டும் இல்லை. மக்கள் கூடிவிடுவார்கள் என்ற பயம் ஒன்றுதான். கூத்து என்னவென்றால், அதே அரசில் இருந்த ஓர் அமைச்சரே விபிஎன் வழியாக வந்து, இந்தத் தடையால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பதிவு போட்டார். அன்று பிற்பகலே தடையை விலக்கினார்கள்.

அடுத்த வாரம் கொழும்பின் காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்கள் முளைத்தன. மே 9 பட்டப்பகலில், பிரதமரின் அதிகாரபூர்வ இல்லத்தில் கூடியிருந்த ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் கம்பும் தடியுமாக வெளியே வந்து, முதலில் வாசலில் இருந்த கூடாரங்களை உடைத்தார்கள். பிறகு கடற்கரைத் திடலை நோக்கி நடந்தார்கள். வழியில் நின்றவர்கள் ஆளுக்கொரு செல்போனில் நேரலை விட்டபடி இருந்தார்கள். அடையாள அட்டை, ஆசிரியர் குழு எதுவும் இல்லாத செய்தியாளர்கள். யார் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், போலீஸ் எவ்வளவு நேரம் கைகட்டி நின்றது என்பதெல்லாம் அதில் இருந்தது. இரு தரப்பும் மோதிக்கொண்டன என்று மழுப்ப யாருக்கும் இடமில்லாமல் போனது. பிரதமர் அன்றைக்கே பதவி விலகினார்.

அம்பாறையிலும் செல்போன்தான், காலிமுகத்திடலிலும் செல்போன்தான். வித்தியாசம் ஒன்று உண்டு: முன்னதில் ஒரே கோணம், மிரட்டியவர்கள் பக்கத்துக் கோணம். பின்னதில் நூறு கோணம். ஒருவர் பொய் சொன்னால் அடுத்தவரின் படம் காட்டிக்கொடுத்துவிடும். அணைத்துவிட்டால் போகிற முதல் ஆள் அந்த அடுத்தவர்தான்.

சுவிட்ச் போதாது என்று தோன்றியதோ என்னவோ, 2024 ஜனவரி 24 அன்று நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆதரவு 108, எதிர்ப்பு 62. ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு. அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலோடு நியமிப்பவர் ஜனாதிபதி. எது பொய்ச் செய்தி என்று அவர்கள் சொல்லலாம், நீக்கச் சொல்லலாம். தண்டனை சிறைவரை போகும். வெறுப்பைத் தூண்டுவோருக்கு எதிரான பழைய சட்டப்பிரிவு யாரைப் பிடித்தது என்பது மறந்துவிடவில்லை: 2019இல், முகநூலில் ஒரு சிறுகதை போட்டதற்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் நான்கு மாதம் சிறையில் கிடந்தார்.

2022 மே 9 காலை இந்தச் சட்டம் இருந்திருந்தால்? தடியோடு வருகிறவர்களைப் படம் பிடித்தவர், 'அந்த வீட்டிலிருந்து வருகிறார்கள்' என்று எழுதுமுன் ஒரு நிமிடம் யோசித்திருப்பார். ஆணைக்குழு அதைப் பொய் என்று சொல்லிவிட்டால் வக்கீலுக்கு எங்கே போவது? அந்த ஒரு நிமிடத்தில் ஊர்வலம் திடலைத் தொட்டிருக்கும்.

2024 செப்டம்பரில் ஆட்சி மாறியது. சட்டத்தை எதிர்த்தவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். திருத்துவோம் என்றார்கள். திருத்தம் வேறு, ரத்து வேறு.